மூலிகைக்குக் கட்டிய காப்பு

ஞாயிற்றுக்கிழமை விடியலில் மருந்து பறிக்க வேண்டுமானால், நம் ஊர் வைத்தியர் சனிக்கிழமை அந்தியிலேயே வயற்பக்கம் போய்விடுவார். வேண்டிய செடியைக் கண்டதும் சுற்றியுள்ள களையை விலக்கி, சொம்புத் தண்ணீரைத் தெளித்து, மஞ்சள் தோய்த்த நூலொன்றை அதன் தண்டில் தளரக் கட்டுவார். சிறிது சூடம் எரியும். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். அவ்வளவே. மறுநாள் பொழுது புலருமுன் மீண்டும் அங்கே நிற்பார். கையில் இரும்புக் கருவி எதுவும் இராது. கூராகச் சீவிய மரக்குச்சியால் மண்ணை அகழ்ந்து, வடக்கு நோக்கி ஓடும் வேரை மட்டும் எடுத்துக்கொண்டு, பள்ளத்தை மூடி மிதித்து, எஞ்சிய தண்ணீரையும் ஊற்றிவிட்டுத் திரும்புவார். பின்னாலேயே ஓடிய சிறுவராகிய நாம், "மற்ற வேரையும் எடுத்துக்கொண்டால் இன்னொரு நாள் வரவேண்டாமே, தாத்தா?" என்று ஒருமுறை கேட்டோம். "நான் இன்னொரு நாள் வரும்போது அது இங்கே இருக்கவேண்டாமா?" என்றார்.

அந்த நூலுக்குக் காப்பு என்று பெயர். தமிழில் இச்சொல் ஆளப்படும் இடங்களை எண்ணிப் பார்த்தால் வியப்புத் தோன்றும். நூல் தொடங்குமுன் புலவன் பாடுவது காப்பு. பிள்ளைத்தமிழின் முதற் பருவம் காப்பு. திருவிழாத் தொடக்கத்தில் கையில் கட்டுவதும், குழந்தைக்கு அணிவிக்கும் வளையும், மூர்த்திக்குச் சாத்தும் சந்தனமும் காப்பே. அரசினர் எல்லை வகுத்து ஒதுக்கிய வனத்தையும் காப்புக்காடு என்றே வழங்குகிறோம். இவற்றுள் செடிக்குக் கட்டும் காப்பு ஒன்றுதான் இன்று ஏறத்தாழ மறைந்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது, எதனைக் காத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பச்சிலைக்கும் தெய்வ நினைவுக்கும் உள்ள உறவைச் சங்கச் செய்யுட்களிலேயே காண்கிறோம். புறநானூற்றின் 281ஆம் பாடலைப் பாடியவர் அரிசில்கிழார். வேந்தனுக்கு வந்த இடுக்கண்ணைத் தான் தாங்கிப் புண்பட்ட வீரன் ஒருவன் வீட்டில் கிடக்கிறான். அவன் மனைவி தோழியை அழைக்கிறாள். இரவமரத் தழையையும் வேப்பிலையையும் மனையிறப்பிற் செருகுவோம், யாழும் பல்லியமும் ஒலிக்கச் செய்வோம், ஐயவியைத் தூவுவோம், ஆம்பற் குழலை ஊதுவோம், மணியடித்துக் காஞ்சிப் பண் பாடுவோம், வீடு முழுதும் நறும்புகை எழுப்புவோம் என்கிறாள். ஐயவி என்பது வெண்சிறுகடுகு. 296ஆம் பாடலில் இக்காட்சி ஒரு வீட்டோடு நில்லாமல் ஊர் முழுதும் பரவுகிறது. போர் முடிந்த ஊரில், மனைதோறும் வேப்பங்கொம்பு ஒடிப்பவர் ஒருபால், நெய்யுடைக் கையினராய் ஐயவி புகைப்பவர் ஒருபால் என ஒரே ஆரவாரம். ஒரு நெடுந்தகையின் தேர் மட்டும் இன்னும் திரும்பவில்லை. நற்றிணையின் 40ஆம் பாடலில் மகவு ஈன்ற இளந்தாயின் அருகிலும் அதே ஐயவியும் நெய்யும் இருக்கின்றன. புண்பட்டவனும் ஈன்றவளும் உயிரின் விளிம்பைத் தொட்டு மீண்டவர்கள். அவர்களை நெருங்கவரும் தீங்கை இலையாலும் புகையாலும் தடுக்கலாம் என்று அக்காலத்தார் நம்பினர்.

இந்நகரில் எட்டாவது மாடியில் குடியிருக்கும் தமிழ்த்தாய் ஒருத்தி, குழந்தையை வெளியே கொண்டுசென்று வந்ததும் கடுகும் உப்பும் மிளகாயும் கையில் அடக்கிச் சுற்றி அடுப்பிலிடுகிறாள். சமையல் வாயு அடுப்பின் நீலச்சுடரில் கடுகு வெடிக்கும் ஓசையைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு அந்தப் புறப்பாட்டே நினைவுக்கு வருகிறது. அவள் அப்பாடலைப் படித்திருக்கவேண்டிய தேவை இல்லை.

ஆனால் இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை நாம் கருதவேண்டும். மேற்கூறிய பாடல்களில் இலை மனிதனுக்குக் காப்பாக நிற்கிறது. வேம்பு ஒடிபடுவதைப் பற்றி எவரும் கவலை கொள்ளவில்லை. நம் ஊர் வைத்தியரோ செடிக்கே காப்புக் கட்டினார். காக்கப்படும் பொருள் இடம் மாறியிருக்கிறது. இந்த மாற்றத்துக்குரிய வித்தும் சங்க இலக்கியத்திலேயே கிடக்கிறது என்பது நம் கருத்து.

நம் போன்ற வெளியூர்த் தமிழ்ச் சங்கங்களின் அழைப்பிதழ்களிலும் மேடைத் திரைகளிலும் தவறாது இடம்பெறும் பாடல் ஒன்று உண்டு. எல்லா ஊரையும் தன் ஊராகவும் எல்லா மாந்தரையும் தன் உறவாகவும் கொண்ட புறநானூற்று 192ஆம் பாடல் அது. பாடியவர் கணியன் பூங்குன்றனார். ஊரை விட்டு வந்த நமக்கு அதைவிட ஆறுதலான பாட்டு வேறில்லை. அவர் பாடியதாகவே கொள்ளப்படும் இன்னொரு பாடல் நற்றிணையில் 226ஆம் எண்ணோடு நிற்கிறது. அதனை எந்த அழைப்பிதழிலும் நாம் கண்டதில்லை. 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றையும், 1915இல் பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் உரையோடு நற்றிணையையும் அச்சில் பெற்ற தமிழுலகம், முன்னதை மேடையேற்றியது, பின்னதைப் புலவர் அலமாரியில் வைத்துவிட்டது.

அப்பாடல் பாலைத்திணையைச் சார்ந்தது. பொருளீட்டத் தலைவன் பிரிந்துவிட்டான். தலைவி தோழியிடம் பேசுகிறாள். மருந்துக்கு ஆகும் மரமென்றாலும் அந்த மரம் சாகும்படி மக்கள் மருந்து கொள்வதில்லை. உடல்வலி அழியும்படி தவம் செய்வதில்லை. குடிகளின் வளம் கெடும்படி மன்னர் பொன் கொள்வதில்லை. அவரோ நான் இருக்கமாட்டேன் என்பதை அறியாதவர்போலக் கோடைவழியிற் சென்றுவிட்டார். இதுவே அவள் கூற்றின் கருத்து.

மூன்று உவமைகளில் முதலாவது மரம். பட்டையை உரித்தும் வேரைத் தோண்டியும் மரத்தைக் கொன்று மருந்தெடுப்பது தகாத செயல் என்பது அக்காலத்தில் விளக்கம் வேண்டாத உண்மையாக இருந்திருக்கவேண்டும். இல்லையேல் அது உவமையாகாது. தெரிந்த ஒன்றைக் காட்டித் தெரியாத ஒன்றை விளக்குவதே உவமை என்பர். எனவே, எடுப்பதற்கு ஓர் அளவு உண்டு, அந்த அளவு எடுக்கப்படும் பொருளின் உயிர் என்னும் நெறி, அன்றே ஊரறிந்த வழக்கு என்று கொள்வதில் தவறில்லை. உலகமெல்லாம் தன்னூர் என்ற புலவர், அவ்வாறு போனவனால் வாடும் ஒருத்தியின் பக்கத்திலும் நின்று பாடியிருக்கிறார் என்பதை வடக்கே வந்த நாம் சற்றுக் கூச்சத்தோடு எண்ணிப்பார்க்கிறோம். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் தகரப்பெட்டியோடு ஏறி வந்த நம் தந்தையரின் தலைமுறையில், ஊரில் அந்தப் பாட்டை வாழ்ந்து காட்டிய பெண்கள் எத்தனையோ பேர்.

இனி, கல்வெட்டு ஒன்றைக் காண்போம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு உள்ளது. கோயிலைச் சார்ந்து வேதமும் பிறவும் கற்கும் மாணவர் விடுதி ஒன்றும், வீரசோழன் என்னும் பெயரால் ஆதுலர் சாலை ஒன்றும் இருந்தன. பதினைந்து நோயாளர் கிடப்பதற்கு இடம், ஒரு மருத்துவர், அறுவை செய்யும் ஒருவர், பணிப்பெண்டிர் இருவர், நாவிதர், தண்ணீர் கொணர்வோர். இவர்களுக்கு நடுவே, மருந்துகளைப் பறித்துக் கொணர இருவர். அவர்களுக்கும் நெல்லும் காசும் ஆண்டுதோறும் அளக்கப்பட்டன. மருந்து பறித்தல் என்பது ஊதியம் பெறும் தொழிலாகவே பதினோராம் நூற்றாண்டில் விளங்கியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அவ்விருவரும் செடிக்குக் காப்புக் கட்டினரா என்பது பற்றிக் கல்வெட்டு ஒன்றும் கூறவில்லை. கணக்கெழுதும் கல்லில் அதற்கு இடமில்லை.

அச்சடங்கு விரிவாகப் பேசப்படுவது சித்த மருத்துவச் சுவடிகளில்தான். அகத்தியர், போகர், தேரையர் முதலியோர் பெயரால் வழங்கும் அந்நூல்களின் மொழிநடையை நோக்கும்போது, அவற்றுட் பெரும்பாலானவை பிற்காலத்தில் யாக்கப்பட்டவை என்பது புலனாகும். மூலிகைகள் சாபத்துக்கு உள்ளானவை, அச்சாபத்தை நீக்காமற் பறித்தால் அவை பலிக்கமாட்டா என்பது அவற்றின் அடிப்படைக் கொள்கை. ஆதலின் சாபநிவர்த்தி கூறப்படுகிறது. முதல்நாள் காப்புக் கட்டுதல், நீர் தெளித்தல், தூபதீபம் காட்டுதல், படையலிடுதல், கதிரவன் எழுமுன் பறித்தல், நகமும் இரும்பும் படாமை, வேர் அறாமை, சிலவற்றுக்கு வடக்கே ஓடும் வேர் மட்டும் கொள்ளுதல் என்று விதிகள் விரிகின்றன. வழக்கிலுள்ள மந்திரங்களுள் ஒன்று, செடியைப் பெருமைப்படுத்தி விளித்து, உன் உயிர் உன் உடலிலேயே நிற்பதாக என்று வேண்டுகிறது.

இந்த வேண்டுதலுக்கு இருவகையாகப் பொருள் கொள்ளலாம். பறித்த இலையிலும் வேரிலும் அதன் வீரியம் நீங்காமல் நிற்கவேண்டும் என்பது ஒன்று. வைத்தியர்கள் பெரிதும் இதனையே கூறுவர். பறித்தபின்னும் செடி சாகாமல் நிற்கவேண்டும் என்பது மற்றொன்று. முன்னதே மந்திரம் செய்தவரின் கருத்தாக இருக்கலாம். எனினும் வடக்கு வேரை மட்டும் எடுத்துக்கொண்டு பள்ளத்தை மூடியவரின் கை, இரண்டாவது பொருளையே செய்து காட்டியது. சொல் எந்தப் பொருளில் பிறந்ததோ, கை அதற்கு வேறொரு பொருளையும் சேர்த்துவிட்டது. நற்றிணைத் தலைவி எடுத்துக்காட்டிய அளவு, ஆயிரம் ஆண்டு கழித்தும் ஒரு வரப்பின்மேல் உயிரோடு இருந்தது.

இவ்விதிகள் ஒவ்வொன்றுக்கும் அறிவியற் காரணம் கூறப் புகுவது நம்மவரிடையே ஒரு நோயாகவே வளர்ந்திருக்கிறது. நகம் ஏன் படலாகாது, ஞாயிறு ஏன் சிறந்தது என்பதற்கெல்லாம் கதிர்வீச்சு, காந்தம் என்று எழுதுவோர் உளர். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. சில விதிகள் தொழில் மறையைக் காக்க வகுத்தவை. சில மருந்தின் மதிப்பை உயர்த்திக் காட்ட வகுத்தவை. சிலவற்றின் காரணம் மறைந்தே போயிற்று. இவற்றை ஏமாற்று என்று முற்றும் தள்ளுவோரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஒரு செடிக்காக இரண்டு முறை நடக்கவேண்டியவன், முதல்நாளே இன்னது வேண்டும் என்று தீர்மானித்து நூல் கட்டவேண்டியவன், மண்வெட்டி இன்றி மரக்குச்சியால் அகழவேண்டியவன், ஒரு விடியலில் எவ்வளவு எடுத்துவிட முடியும்? சடங்கின் பொருள் எதுவாயினும், அதன் வேகம் மிகக் குறைவு. செடி பிழைத்ததற்கு அது போதுமானதாக இருந்தது.

பறிக்கும் கையின் தயக்கம் வைத்தியரோடு நிற்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாயுமானவர், பூசைக்கு மலர் எடுக்கப் போய், அம்மலருக்குள்ளும் இறைவனே இருக்கக் கண்டு, பறிக்க மனம் வரவில்லை என்று பாடுகிறார். இறைவனுக்கு ஒரு பச்சிலை இடுதல் எல்லார்க்கும் எளிது என்று கூறியவர் திருமூலர். அந்த எளிய ஒன்றுக்கும் தாயுமானவரின் கை நீளவில்லை. இருவர் கூற்றும் ஒரே மரபுக்குள் அடங்குகின்றன. பெருமாள் கோயிலைச் சார்ந்த குடும்பங்களில் துவாதசியன்று துளசி பறியாமையும், அந்தி சாய்ந்தபின் செடியைத் தொடாமையும் இத்தயக்கத்தின் இல்லற வடிவங்கள். அந்திக்குப் பின் செடி உறங்குகிறது என்று பாட்டிமார் கூறுவதைக் கேளாதவர் நம்மில் இலர்.

இத்தயக்கம் எப்போது தளர்ந்தது? 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் மலைக்காடுகளைக் காப்புக்காடுகளாக்கியது. தலைமுறை தலைமுறையாக அங்கே வேரும் கிழங்கும் தேனும் எடுத்துவந்த மலைவாழ் மக்கள், உரிமைச்சீட்டு வேண்டி நிற்பவராயினர். இன்ன செடி இன்ன சரிவில் எத்தனை உண்டு என்பதை அறிந்த கண்களுக்குக் காட்டின்மேல் சொல்லுரிமை இல்லாமற் போயிற்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள் எடுக்கும் உரிமையை அவர்களுக்கு மீண்டும் அளிக்க முற்பட்டது. இடையில் நூற்றிருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டன. அந்த இடைக்காலத்தில் மூலிகை, நிறுத்து விற்கும் சரக்காகிவிட்டது.

சர்ப்பகந்தியின் கதை இதற்குத் தக்க சான்று. நெடுங்காலமாக இந்நாட்டு வைத்தியர் கையாண்டுவந்த அவ்வேரிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். இரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் அது மருந்தாயிற்று. பல்லாயிரம் மக்கள் பயன் பெற்றனர். அதை மறுப்பது நன்றி கொன்றதாகும். ஆனால் மருந்து வேரில் இருப்பதால், வேருக்காகச் செடி முழுதும் பிடுங்கப்பட்டது. 1990இல் அது பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரமஞ்சட் கொடி இன்னும் இரங்கத்தக்கது. காய்த்து விதை விட அதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். தண்டுக்காக அடியோடு வெட்டப்படும் கொடிக்கு அந்த ஆண்டுகள் கிடைப்பதில்லை. 1993 முதல் தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மாநிலக் காடுகளில் மூலிகைப் பாதுகாப்புப் பகுதிகள் வகுக்கப்பட்டன. அவை நல்ல பணி செய்கின்றன. எனினும் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசி அனுப்பப்படும் ஒருவன், நூல் கட்டிவிட்டு நாளை வருகிறேன் என்று திரும்ப முடியாது. அவனைக் குறை கூற நமக்கு வாயில்லை. நாட்டு மருந்துக் கடையில் நன்னாரி வேரும் அதிமதுரமும் பொட்டலமாக வாங்கும் நாமே அவனை அனுப்பியவர்கள்.

1964இல் பாளையங்கோட்டையில் அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது; 2005இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த நிறுவனம் திறக்கப்பட்டது. சுவடியில் கிடந்த மருந்துகள் பாடமாயின. பறிக்கும் முறையோ ஏட்டில் எழுதிக் கற்பிக்கும் இயல்பினதன்று. அது, ஒருவர் பின்னால் இன்னொருவர் விடியலில் நடந்து கற்பது.

இவ்வளவும் எழுதியபின், செடியோடு தொடர்புடைய காப்பு ஒன்று இந்நகரிலேயே ஆண்டுதோறும் கட்டப்படுவதை நாம் கூறாமல் விடலாகாது. கொங்கு நாட்டில் போகியன்று மாலை பூளைப்பூ, ஆவிரம்பூ, வேப்பிலை முதலியவற்றைச் சேர்த்துக் கட்டி, வீட்டு இறப்பிலும் மாட்டுக் கொட்டிலிலும் கிணற்றடியிலும் வயல் மூலையிலும் செருகுவர். காப்புக்கட்டு என்பது அதற்குப் பெயர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு மலர் வரிசையில் ஆவிரையும் பூளையும் வருகின்றன. நெய்தற்கலியில் மடலேறும் தலைவன் பூளையையும் ஆவிரையையும் எருக்கையும் ஒன்றாகக் கட்டி அணிகிறான். காதலில் நாணமிழந்தவன் சூடிய கண்ணிக்கும் உழவன் வீட்டு இறப்பில் செருகிய கொத்துக்கும் உறவு உண்டா என்று நாம் பன்முறை எண்ணியதுண்டு. இரண்டும் புன்செய் நிலத்தில், எவரும் நீரூற்றாமல், தை பிறக்கும் பருவத்தில் கையெட்டும் தொலைவில் பூத்துக் கிடப்பவை என்பதைத் தவிர வேறு விடை கிடைக்கவில்லை. அதுவே போதிய விடையாகவும் இருக்கலாம்.

நம் குடியிருப்பில் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் மகன் குடும்பத்தோடு வாழ்கிறார். பூளையும் ஆவிரையும் ஆண்டுதோறும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வரும் யாரேனும் ஒருவரின் பையில், ஈரச் செய்தித்தாளில் பொதிந்து வந்து சேரும். சில ஆண்டு வாடியும், ஓர் ஆண்டு வராமலும் போனதுண்டு. வேம்புக்குக் குறையில்லை. இத்தலைநகரை அமைத்தவர்கள் சாலையோரங்களில் வேம்பை மிகுதியாக நட்டுவைத்தனர். கடந்த போகியன்று மாலை, பனிமூட்டத்தில், குடியிருப்பு வாயிலை அடுத்த வேம்பின்கீழ் அம்மூதாட்டி கம்பளிப் போர்வையோடு நின்றிருந்தார். ஒரு கை அடிமரத்தைத் தொட்டிருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. பேரன், கொம்பை வளைக்க ஒரு கழியோடு காத்திருந்தான். பீகாரிலிருந்து வந்த காவலர் அருகில் வந்து, பாட்டி மரத்தோடு என்ன பேசுகிறார் என்று இந்தியில் அவனிடம் கேட்டார். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை அவன். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். சற்றே யோசித்துவிட்டு, "பேசவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்று இந்தியிலேயே கூறினான். காவலர் தலையசைத்துவிட்டுக் கழியைத் தாம் வாங்கிக்கொண்டார். மூதாட்டி மரத்திலிருந்து கையை எடுக்கும்வரை மூவரும் நின்றிருந்தோம்.